பதினெட்டு அறை கேட்கிறீர்கள், வீடு ஏழுதான் தரும்

காரைக்குடிப் பக்கத்து ஊர்க்காரர், இப்போது சிங்கப்பூரில் வேலையில் இருக்கும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"எங்கள் ஐயாவுக்கு ஐயா ரங்கூனில் லேவாதேவி செய்த காலத்தில் 1912-ல் கட்டிய வீடு. முகப்பு, நடுவில் வானம் தெரிகிற முற்றத்தோடு வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் திறப்போம், மற்றபடி பூட்டியே கிடக்கிறது. ஹெரிடேஜ் ஹோட்டலாக்கலாம் என்று நினைக்கிறோம். பங்காளிகள் பதினோரு பேருக்கும் சம்மதம். காண்ட்ராக்டர் பிளான் கொடுத்திருக்கிறார்: பதினெட்டு அறை, எல்லாவற்றுக்கும் ஏசி, பாத்ரூம். வளவுக்கு மேல் கண்ணாடிக் கூரை, மொட்டை மாடியில் ரெஸ்டாரண்ட், மூன்றாம் கட்டை இடித்துவிட்டு நீச்சல் குளம். அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. பின்வாசல் சாவி கிடைக்காததால் அந்தப் பக்கம் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது, எதை விட்டுவிடக் கூடாது?"

வணக்கம். நீங்கள் அனுப்பிய பிளானை மூன்று தடவை பார்த்தேன். வரைந்தவர் கெட்டிக்காரர்தான், சதுர அடியில் ஒரு இஞ்ச் வீணாக்கவில்லை. எனக்குக் கவலையே அதுதான். உங்கள் வீட்டுக்கு ராத்திரிக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து ஒருவர் வருகிறார் என்றால், வளவின் ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு மேலே வானத்தைப் பார்க்கத்தான் வருகிறார். கட்டிலும் ஏசியும் திருச்சியிலேயே இருக்கிறது. அந்த வெற்றிடம்தான் உங்கள் சரக்கு, பிளானோ அதை வெட்டி வெட்டி அறையாக்கிக்கொண்டே போகிறது.

முதலில் பங்காளி விஷயம். இது என் துறை இல்லை, ஆனால் நான் கைவைத்து பாதியில் நின்றுபோன வேலைகள் இரண்டும் கட்டட வேலையால் நிற்கவில்லை, இதனால்தான் நின்றன. பதினோரு பேரும் சம்மதம் என்கிறீர்களே, பதினோரு பேரும் ஆண்களா? வீட்டுப் பெண்களுக்குச் சீர் செய்து அனுப்பியாயிற்று, வீட்டில் பங்கு இல்லை என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகளுக்கும் பிறப்பாலேயே மகனுக்குச் சமமான உரிமை என்று ஆக்கினார்கள், திருத்தம் வந்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஏற்கெனவே பாகப்பிரிவினை பதிவாகியிருந்தால் கதை வேறு. எதுவானாலும் வக்கீலைப் பார்த்து, அத்தைகளையும் அவர்கள் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசி, எழுத்தில் வாங்குங்கள். ஹோட்டல் நடத்த வெளியாள் வருகிறார் என்றால் குத்தகையைப் பதிவு செய்துவிடுங்கள். அதிலேயே வருஷத்தில் இன்ன இன்ன நாட்கள் வீடு குடும்பத்துக்கு என்று எழுதிவிடுங்கள். படைப்பு நாளன்று வெளிநாட்டுக் குரூப் ஒன்றுக்கு புக்கிங் கொடுத்துவிட்டு, சாமி அறை வாசலில் அவர்கள் பெட்டிகள் நிற்க, சம்பந்தி வீட்டார் தெருவில் நின்ற காட்சியை நான் பார்த்திருக்கிறேன். சாமி அறை பிளானிலேயே வரக்கூடாது. உங்கள் காண்ட்ராக்டர் அதற்கு 'ரூம் நம்பர் 4' என்று பேர் போட்டிருக்கிறார்!

சரி, வீட்டுக்கு வருவோம்.

ஆரம்பிக்க வேண்டிய இடம் கூரை. அதற்கும் முன்னால் ஒன்று: இந்த ஐப்பசியில் லீவு போட்டு வந்து, அடைமழை பெய்யும்போது அந்த வீட்டில் பத்து நாள் தங்குங்கள். வெயில் காலத்தில் வந்து பார்க்கிற எந்த இன்ஜினியருக்கும் (என்னையும் சேர்த்துத்தான்) அந்த வீடு பாதி உண்மையைத்தான் சொல்லும். சாய்ந்த கூரையின் நாட்டு ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. பூனை நடந்து, குரங்கு குதித்து நாலு ஓடு விலகினால் போதும், தண்ணீர் உள்ளே இறங்கி எங்கோ ஒரு கைமரத்தின் வழியே ஓடி, பத்தடி தள்ளி வேறொரு சுவரில் கறையாக வந்து நிற்கும். கறை தெரிகிற இடத்தில் வேலை செய்து பயனில்லை. மழை நேரத்தில் ஒரு டார்ச்சோடு மச்சில் ஏறிப் பார்த்தால்தான் பிடிபடும். ஒரு தாளில் வீட்டை வரைந்து, எங்கே சொட்டுகிறது, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, மழை விட்டு எவ்வளவு நேரம் கழித்து நின்றது என்று குறித்துவையுங்கள். அந்தத் தாள் காண்ட்ராக்டர் பிளானைவிட எனக்கு உபயோகம்.

மட்டமான தளம் இருக்கிற பகுதி மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம், அதன்மேல் கட்டைகள், அதன்மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்வாட்டில் சுண்ணாம்பில் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, கடைசியில் தட்டோடு. நூறு வருஷம் நிற்கும், நின்றும்விட்டது. ஆனால் அது ஆள் நடக்கவும் வடாம் காயவும் போட்ட தளம். ரெஸ்டாரண்ட் என்றால் சமையல் மேடை, ஃப்ரிட்ஜ், நாற்பது பேர், மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி. ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். அதற்காகப் பழைய தளத்தைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்று எஸ்டிமேட்டில் ஒரு வரி இருக்கிறதே, அதை முதலில் அடியுங்கள். சுண்ணாம்பில் கட்டிய சுவர் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், அதன் தலையில் அசையாத கான்கிரீட் பலகையை வைத்தால் சேருமிடத்தில் விரிசல் விடும், விரிசலில் தண்ணீர் போகும். சாப்பாட்டுக்கு இரண்டாம் கட்டே இருக்கிறது. பந்தி போட்டுச் சாப்பிட்ட இடம், வாழை இலை போடுங்கள், வருகிறவர் அதைத்தான் போட்டோ எடுப்பார்.

பாத்ரூமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் தவறு ஒன்று இதில் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்காரர் வற்புறுத்தினார் என்று மாடியில், மரத் தளத்துக்கு மேலேயே, இரண்டு பாத்ரூம் போட ஒத்துக்கொண்டேன். வாட்டர்ப்ரூஃபிங் மூன்று கோட்டு, தண்ணீர் நிறுத்திச் சோதனை, எல்லாம் ஒழுங்காகச் செய்தோம். மூன்றாம் வருஷம் கீழ் அறையில் தங்கியிருந்தவர் சுவரோரம் பொடிப்பொடியாக ஏதோ உதிர்கிறது என்றார். போய், உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது, பொரியுருண்டையில் குத்தியது மாதிரி. பர்மா தேக்கு! நடுவில் இரும்பு மாதிரி இருந்த அதே மரம், சுவருக்குள் காற்றுப் படாமல் ஈரம் குடித்த முனையில் மட்டும் இற்றுப்போயிருந்தது. ஒழுகியது பைப் இல்லை, டைல்ஸ் இடுக்கில் தினம் ஒரு ஸ்பூன் தண்ணீர், அவ்வளவுதான். ஹோட்டல் பாத்ரூமில் தினமும் இரண்டு பேர், மூன்று பேர் குளிப்பார்கள், வீட்டுப் பாத்ரூம் மாதிரி நினைக்கக் கூடாது.

அன்றிலிருந்து மாடியில் மரத்தளம் என்றால் நான் பாத்ரூம் போடுவதில்லை. கீழே போடுங்கள். வளவைச் சுற்றியிருக்கிற அறைகள் படுத்துறங்கக் கட்டியவை இல்லை என்பது உங்களுக்கே தெரியும், ஒரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு மகன் குடும்பத்துக்கு, ஓர் அறை, அதில் சீர்ச் சாமானும் பெட்டியும் இருக்கும், புதுசாகக் கல்யாணமானவர்கள் தவிர மற்றவர்கள் பட்டாலை என்கிற மேடான கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்தார்கள். அறைகள் சின்னது, ஜன்னல் குறைவு. ஆகவே இரண்டு அறையை ஒன்றாக எடுத்துக்கொண்டு, ஒன்றைப் படுக்கை அறையாகவும் அடுத்ததைக் குளியலறையாகவும் வைப்பதுதான் வழி, பதினெட்டு ஏழாகிவிடுவது இங்கேதான். அந்தக் குளியலறையையும் பழைய சுவரில் டைல்ஸ் ஒட்டிச் செய்யாதீர்கள். பெட்டிக்குள் பெட்டி வைப்பது போல, பழைய சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மெல்லிய சுவர் எழுப்பி, பழைய தரைக்கு மேலே ஒரு ஷீட் விரித்து அதன்மேல் புதுத் தரை போட்டு, பைப்பெல்லாம் அந்த ஒரு சாண் இடைவெளியில் போய்ப் பக்கத்துச் சந்தில் இறங்கட்டும். இடைவெளிக்கு மேலும் கீழும் காற்று போக வழி விடுங்கள். நாளைக்கு உங்கள் பேரன் ஹோட்டல் வேண்டாம் என்று நினைத்தால் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பழைய அறையை அப்படியே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அறை வாசல் எல்லாம் குட்டை, நிலைப்படி உயரம். வருகிறவர்கள் தலையை இடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள், அதற்காக நிலையை அறுக்காதீர்கள், இரண்டாவது தடவை குனிந்துவிடுவார்கள்.

வளவுக்குக் கண்ணாடி வேண்டவே வேண்டாம். சுற்றியுள்ள தாழ்வாரத்தின் சூடு மேலே ஏறிப் போகிற வழி அது, மூடினால் மே மாதத்தில் நடுவீட்டில் இட்லிக் குண்டான்தான். அப்புறம் அந்த ஏழு அறைக்கும் ஏசி போட்டாலும் தாங்காது. மழைத் தண்ணீர் நாலு பக்க ஓட்டிலிருந்து இறங்கி அண்டாவில் விழுகிற சத்தத்தைக் கேட்க ஆள் காசு கொடுக்கிறார், நீங்கள் காசு கொடுத்து அதை நிறுத்தப் பார்க்கிறீர்கள். குரங்கும் புறாவும்தான் பிரச்சினை என்றால் கம்பி வலை போதும்.

ஏசி வைக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கோடையில் சென்னைக்காரர் ஒருவர்கூட வரமாட்டார், அதில் வீம்பு பிடிக்கிற ஆள் இல்லை நான். அவுட்டோர் யூனிட்டைத் தெருப் பக்கம் மாட்டாமல் சந்தில் தரையில் வையுங்கள், ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சுவரில் வழியாமல் தனிப் பைப்பில் போகட்டும். ஃபால்ஸ் சீலிங் கூடாது, அதற்கு மேலே மரம் இற்றுப்போவதை நீங்கள் கடைசி நாளில்தான் பார்ப்பீர்கள். வயரிங் முழுக்கப் புதுசாக மாற்றுங்கள், ஆனால் சுவரில் காடி வெட்ட விடாதீர்கள். எலக்ட்ரீஷியன் கட்டிங் மெஷினோடு வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள்.

ஏனென்றால் அந்தச் சுவரை இன்றைக்கு ஒட்டுப்போடுவது லேசில்லை. கை வைத்துப் பார்த்திருப்பீர்கள், சலவைக்கல் மாதிரி குளிர்ச்சியாக, முகம் தெரிகிற பளபளப்பு. சுண்ணாம்பைப் பல நாள் ஊறவைத்து, அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் சேர்த்து, கோட்டு கோட்டாகப் பூசி, கடைசிக் கோட்டில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த மினுமினுப்பு அது. இன்னும் அந்தக் கை உள்ள கொத்தனார்கள் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், அவசரப்படுத்தாமல் வேலை கொடுத்தால் செய்வார்கள். சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் இறுகும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும், 'டிசம்பர் சீசனுக்குள் முடித்துக் கொடுங்கள்' என்றால் அவர் ரகசியமாக ஒரு மூட்டை சிமெண்டைக் கலப்பார். சிமெண்டு பூசினால் சுவர் மூச்சுவிடாது, தரையிலிருந்து ஏறுகிற ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே உப்புப் பூத்து, இரண்டு மழைக்குள் பூச்சு பலகையாகக் கழன்று விழும். பிளாஸ்டிக் பெயிண்டும் அதே கதைதான்.

தரைக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட கல் இல்லை, கண்ணாடிப் பலகைமேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் கொட்டி, தண்ணீரில் போட்டு எடுத்தது. நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும். எனக்குத் தெரிந்த ஒரு விடுதியில் புதுசாகச் சேர்ந்த பையன், பாவம், பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை முகப்பில் ஊற்றித் தேய்த்துவிட்டான். ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு வட்டமாக வெளுத்தது. ஆத்தங்குடியிலேயே அதே பூ வடிவத்தில் செய்யச் சொல்லிப் போட்டோம், இன்றைக்கும் அந்த வட்டம் தெரிகிறது, தொண்ணூறு வருஷம் காலால் தேய்த்த சிவப்பு எந்தப் பட்டறையிலும் கிடைக்காது. ஆக வேலைக்கு ஆள் எடுக்கும்போது முதல் நாள் பாடமே ஆசிட் கேனைத் தொடாதே என்பதுதான். தண்ணீர், எப்போதாவது தேங்காயெண்ணெய்த் துணி, போதும்.

மூன்றாம் கட்டை இடிக்காதீர்கள். ஹோட்டலுக்கு அழுக்கு வேலை நிறைய: துணி துவைக்க, காய் நறுக்க, கேஸ் சிலிண்டர் வைக்க, ஆட்கள் உட்கார. இதெல்லாம் எங்கே என்று உங்கள் பிளானில் தேடினேன், காணோம். உங்கள் முன்னோர் அடுப்படியையும் ஆட்டுக்கல்லையும் கிணற்றையும் மூன்றாம் கட்டில் வைத்தது இதற்காகத்தான், அந்தக் கட்டு இன்றைக்கும் அதே வேலைக்கு அச்சாகப் பொருந்தும். நீச்சல் குளம் ஆசை என்றால் பின்னால் மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில், வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வெட்டுங்கள். ஏழு அறையில் கணக்கு நிற்காது என்று பங்காளிகள் சொன்னால், கூடுதல் அறைகளையும் அங்கேயே தாழ்ந்த கூரையில் புதுசாகக் கட்டுங்கள், பழைய வீட்டைப் போல வேஷம் போடாமல்.

கணக்கைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மத்திய சுற்றுலாத் துறையின் ஹெரிடேஜ் ஹோட்டல் தரச்சான்றுக்குக் கட்டடம் 1950-க்கு முந்தியதாக இருக்க வேண்டும், குறைந்தது ஐந்து அறை போதும். குடும்பத்தில் யாராவது அங்கேயே குடியிருக்கத் தயார் என்றால், ஆறு அறை வரைக்கும் வீட்டோடு தங்க வைக்கிற திட்டம் தனியாக இருக்கிறது, அது இன்னும் லேசு. உங்கள் சின்னத்தா ஊருக்கே திரும்பிவிடலாம் என்று சொல்வதாக எழுதியிருந்தீர்களே, அவரிடம் பேசிப் பாருங்கள்.

காசை இறக்குமுன் பக்கத்தில் நாலு இடத்தில் ஒவ்வொரு ராத்திரி தங்குங்கள். காரைக்குடியில் 'தி பங்களா' விடுதி 1990களின் இறுதியிலேயே ஆரம்பித்தது, அங்கே அறையைவிடச் சாப்பாட்டுக்குத்தான் ஆள் வருகிறார், அதில் உங்களுக்குப் பாடம் இருக்கிறது. கானாடுகாத்தானில் மகளுக்காகத் தகப்பனார் கட்டிய விசாலம் இருக்கிறது. இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் மீட்டெடுத்த சாரதா விலாஸ் பக்கத்துக் கொத்தமங்கலத்தில். கடியாபட்டியில் சிதம்பர விலாஸ். எங்கே போனாலும் முகப்பைப் பார்த்து மயங்காமல், பாத்ரூம் பைப் எந்தச் சுவரில் இறங்குகிறது என்று பின்பக்கம் போய்ப் பாருங்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் அதனால் உங்கள் கூரை ஓடுகளை யாரும் வந்து மாற்றித் தரப்போவதில்லை.

பழைய சாமான்களைப் பட்டியல் போட்டுப் போட்டோ எடுத்து, பூட்டி வையுங்கள், வேலை தொடங்கும் முன்பே. சாரம் கட்டிய வீட்டுக்கு பழம்பொருள் கடைகள் இருக்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து விசாரிக்க ஆள் வரும். 'பழைய கதவுதானே, புதுசு போட்டுத் தருகிறோம்' என்பார்கள். கழற்றிய கதவை வேலை முடிகிற வரைக்கும் யார் பொறுப்பில் வைப்பது என்பதைக் காண்ட்ராக்டர் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டேனே என்று தயங்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஓடு மாற்றுகிற வேலையையும் சந்தில் வடிகால் போடுகிற வேலையையும் கொடுங்கள், அதில் அவர் எப்படிப்பட்டவர் என்பதும் தெரிந்துவிடும்.

கடைசியாக அந்தப் பின்வாசல். நெருப்பு என்று வந்தால் மாடியிலிருந்து இறங்க உங்களுக்கு இருப்பது ஒரு குறுகின மரப்படி, அதனால்தான் மாடியில் படுக்கை அறையே வேண்டாம் என்கிறேன், தீயணைப்புத் துறைக்காரர் வந்து பார்த்தாலும் அவர் கண் முதலில் படியில்தான் நிற்கும். ஆனால் தரைத்தளத்தில் உங்களுக்குக் கிடைத்திருக்கிற வசதி புது ஹோட்டல் எதிலும் கிடையாது: முன்வாசலில் நின்று பார்த்தால் நேர்கோட்டில் பின்வாசல், இரண்டு தெருவுக்கு இரண்டு வழி. அதை இத்தனை வருஷம் பூட்டி, முன்னால் பழைய கட்டிலும் பீரோவும் அடுக்கி வைத்திருக்கிறீர்கள். அதைத்தான் முதலில் திறக்க வேண்டும், ஐப்பசிக்கு முன்னாலேயே. காண்ட்ராக்டர் கடப்பாரையோடு வருவார், வேண்டாம் என்று சொல்லுங்கள். காரைக்குடியில் பழைய பூட்டுக்குச் சாவி போடுகிற வயசான ஆசாரி யாராவது இருப்பார், விசாரித்துக் கூட்டிவந்து, பூட்டைக் கழற்றாமல் கதவிலேயே வைத்துத் திறக்கச் சொல்லுங்கள். திறந்ததும் அந்தப் பக்கத்துத் தெருவில் நின்று சுவரை முழுசாக ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், அடிச்சுவரில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுவோம்.